பால்குடி மறக்கும் பருவம்

பூனையையும் பாலையும் பிரித்து நினைக்க நம் மொழி பழகியதில்லை. தன் எளிமையைச் சொல்ல வந்த கம்பன், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசை கொண்ட பூனையைத் தனக்கு உவமையாக்கினான். தெனாலிராமன் கதையில், எலித் தொல்லையை ஒழிக்க எண்ணிய அரசன் வீட்டுக்கொரு பூனையும், அப்பூனைக்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் வழங்குகிறான். இராமன் கொதிக்கும் பாலை வைத்துப் பூனையின் நாவைச் சுட்டுவிடுகிறான். அதன் பின் பாலைக் கண்டாலே அது பாய்ந்தோடுகிறது. பசுவின் பால் வீட்டாருக்கு மிஞ்சுகிறது. இக்கதையைக் கேட்டு நாம் தலைமுறை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம். அரண்மனைக்குப் பூனையின் பசி மட்டுமே கண்ணிற் பட்டது, அதை வளர்க்கும் வீட்டின் பசி படவில்லை என்ற செய்தி அச்சிரிப்பில் அமிழ்ந்து போயிற்று.

விஞ்ஞானம் இந்தப் பழைய நம்பிக்கையை ஏற்பதில்லை. பூனைக்கு உரிய பால் பூனையின் பால் ஒன்றே. அதுவும் பிறந்த சில வாரங்களுக்கு மட்டுமே. பாற்சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் லக்டேஸ் என்னும் நொதியம் பிறந்த குட்டியின் குடலில் நிறைந்திருக்கும். பால்குடி மறக்கும் பருவத்தில் அது படிப்படியாகக் குறையும். அதன் பின் நாம் இரக்கத்தோடு கிண்ணத்தில் ஊற்றி வைக்கும் பசுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கையே தருகிறது. பூனையின் பாலில் உள்ள புரதம் பசுப்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆதலின் தாயை இழந்த குட்டிக்குப் பசுப்பாலைத் தண்ணீர் கலந்து புகட்டுவோர், அது பசியால் மெலிவதற்கும் கழிச்சலால் வாடுவதற்கும் ஒருங்கே வழி செய்கிறார்கள்.

சமுதாயப் பிரச்சினைகளை ஆராயும் ஏட்டில் பூனைக்குட்டிக்கு என்ன இடம் என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் உயிர் தாயின் மார்பிலிருந்து விலகித் தன் வாயால் தன் உணவை உண்ணத் தொடங்கும் அந்த நாள், எந்த உயிருக்கும் ஆபத்து மிகுந்த நாளாகும். அந்த நாளை யார் குறிக்கிறார்கள் என்ற கேள்வியைப் பூனையிடமிருந்து தொடங்கினால் அது வெகுதூரம் செல்கிறது. எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைக் காட்டவே இதனை எழுதுகிறோம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். மாமரமும் முற்றமுமாய் இருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்துவிட்டமையால், இங்கே பூனைகளுக்கு ஈன இடம் அருகிவிட்டது. அவ்வாறு இடந்தேடி வந்த ஒரு சாம்பல்நிறப் பூனை, நம் பின்விறாந்தையில் அடுக்கியிருந்த பழைய சஞ்சிகைக் கட்டுகளின் மறைவில் நான்கு குட்டிகளை ஈன்றது. அதனை விரட்ட நமக்கு மனம் வரவில்லை. வளர்ப்பது என்ற முடிவையும் நாம் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே பொருந்தும்.

ஏறக்குறையப் பத்தாம் நாளிற் குட்டிகள் கண் விழித்தன. மூன்றாம் வாரத்தில் வெண்மணல் போன்ற முன்பற்கள் ஈற்றில் தலைகாட்டின. பாற்பற்கள் மொத்தம் 26. அவை முளைக்க முளைக்கத் தாயின் நடத்தையும் மாறலாயிற்று. முன்னெல்லாம் குட்டிகளின் முனகல் கேட்டதும் ஓடிவந்து சரிந்து படுக்கும் அது, இப்போது வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்தது. குட்டிகள் எட்ட முடியாத மதிலின்மேல் ஏறி அமர்ந்தது. விடாது தொடர்ந்த குட்டியைக் காலால் மெல்லத் தட்டியது. பாற்பல் கூரியது, அது மடியிற் படும்போது தாய்க்கு வலிக்கிறது. அமெரிக்க உயிரியல் அறிஞர் ரொபர்ட் ட்ரிவர்ஸ் 1974ஆம் ஆண்டில் இத்தகைய பிணக்கை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். தாய் தர விரும்புவதைவிடச் சற்று அதிக காலம் பெற விரும்புவது பிள்ளையின் நலன். அடுத்த ஈற்றுக்குத் தன் உடலைக் காத்துக்கொள்வது தாயின் நலன். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பது அவர் கருத்து. அன்பு நிறைந்த உறவுக்குள்ளேயும் நலன்களின் மோதல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எனினும் தாய்ப்பூனை பாலை நிறுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. இரை கொணர்ந்து தருகிறது. முதலிற் செத்த எலி. பின்னர் அரையுயிராய்த் துடிக்கும் எலி. கடைசியில் உயிருள்ள எலியைக் குட்டிகளின் முன்னே விட்டுவிட்டு விலகி நிற்கிறது. எதை உண்பது என்பதையும் குட்டி தாயைப் பார்த்தே கற்கிறது. வண்டா விர்விக்கா என்னும் ஆய்வாளர் தாய்ப்பூனைகளை வாழைப்பழம் உண்ணப் பழக்கியபோது, பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டிகளும் தாயோடு சேர்ந்து வாழைப்பழத்தை உண்டன என்று 1978இல் எழுதினார். ஊன் உண்ணப் பிறந்த உயிர், தாய் உண்பதனாலேயே பழத்தை வாயில் வைக்கிறது! பிறவிக் குணம் என்று நாம் முத்திரை குத்தும் எத்தனை பழக்கங்கள் இவ்வாறு கற்றுக்கொடுக்கப்பட்டவையோ!

ஆசிரிய நண்பர்கள் இவ்விடத்திற் சற்று நிற்பார்கள் என நம்புகிறோம். நம் ஒழுங்கையைச் சுற்றி மாலை நேரங்களில் எத்தனை பிரத்தியேக வகுப்புகள்! பரீட்சைக்கு வரக்கூடிய வினாவும், அதற்குரிய விடையும், விடையை மனனஞ் செய்யும் முறையும் அச்சடித்த தாள்களாக மாணவர் கையில் வந்து சேர்கின்றன. செத்த எலியை மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் கொணர்ந்து கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேட்டை தெரியவில்லையே என்று பிறகு வருந்துகிறோம். பூனை தன் குட்டிக்குச் செய்கிற கடமை, கையிலிருப்பதை மெல்ல மெல்ல விட்டுவிடுவதில் இருக்கிறது.

நகரத்துப் பூனைக்கு இரை எங்கே கிடைக்கும்? சீமெந்து பூசிய முற்றங்களில் எலியும் அருகி, குப்பைத் தொட்டியும் மூடப்பட்டுவிட்ட ஒழுங்கையில், தாய் கொணர்வது போதவில்லை என்பதைக் குட்டிகளின் ஒட்டிய வயிறே காட்டியது. ஆகவே நான்காம் வாரத்தில் நாமும் அப்பணியிற் பங்கேற்றோம். அதில் நமக்கு ஆசானாக வாய்த்தவர் ஒரு பெண். அயல் தொடர்மாடியொன்றில் சமையலும் துப்புரவும் செய்வதற்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவர். மீன் கழுவிய கழிவை எறிய வந்த இடத்தில் குட்டிகளைக் கண்டு நின்றவர், நாம் கையில் வைத்திருந்த பாற்கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயா, பாலைக் குடுத்தா வயித்தால போகும். சூடை மீனை அவிச்சு, முள்ளெடுத்து, அந்தத் தண்ணியோடயே மசிச்சுக் குடுங்க" என்றார். கிண்ணம் அவ்வளவில் சமையலறைக்குத் திரும்பிற்று.

அவர் கைமுறையாகச் சொன்னதற்கும் நூல்கள் கூறுவதற்கும் வேற்றுமை இல்லை. வெள்ளவத்தைச் சந்தையிற் சூடை, சாளை போன்ற சிறுமீன்கள் பெருமீனைவிட மலிவாகக் கிடைக்கும். உப்பும் மிளகாயும் சேர்க்காமல் அவற்றை அவிக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் அறவே ஆகா; அவை பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. ஆதலின் நம் கறிச்சட்டியில் மிஞ்சிய மீன், பூனைக்கு உதவாத மீன். முள்ளை நீக்கி, சதையை விரலால் நன்கு மசித்து, அவித்த நீரையே சேர்த்துக் கூழாக்கித் தட்டையான தட்டில் உடற்சூட்டளவு இளஞ்சூட்டோடு வைக்க வேண்டும். குட்டியின் முகத்தைக் கூழுக்குள் அமுக்குவது பெரும் பிழை. மூக்கில் ஏறினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நோய் தரும். விரல் நுனியிற் சிறிது தொட்டு உதட்டருகே காட்டினால் அது நக்கும். நக்கியபின் விரலைத் தட்டுக்கு இறக்கினால் அதுவும் தொடர்ந்து வரும். முதல் இரண்டு நாட்கள் உண்பதைவிட மிதிப்பதே அதிகம். பொறுமை வேண்டும்.

நாளொன்றுக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் சிறிது. கொழும்பின் வெக்கையில் மீன்கூழ் விரைவிற் கெடுமாதலால், மிஞ்சியதை ஒருமணி நேரத்துக்குள் அகற்றிவிட வேண்டும். அருகிலே தெளிந்த நீர் எப்போதும் இருக்க வேண்டும். நீரின் அளவை நாளுக்குநாள் குறைத்துவந்தால், ஏழாம் எட்டாம் வாரத்தில் குட்டி கூழை விட்டுத் துண்டு மீனை மென்று தின்னும். இதற்கிடையே தாயின் பாலைத் தடுக்கலாகாது. இரண்டும் ஒருங்கே நடந்து, ஒன்று தேய மற்றொன்று வளர வேண்டும். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருந்த குட்டி வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடினால் நலம். சமையலறைத் தராசே போதும். எடை இரண்டு நாள் கூடாமல் நின்று, கழிச்சலும் சோர்வும் சேர்ந்தால், சின்னஞ்சிறு உடலின் நீர் விரைவில் வற்றிவிடும். கைவைத்தியம் செய்துகொண்டிராது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மீனை ஏன் அவிக்க வேண்டும், அவித்த நீரை ஏன் கொட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பச்சை மீன் பலவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதியம் இருக்கிறது. சூடு அதனை அழித்துவிடுகிறது. டோரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் ஆக்கிக்கொள்ள இயலாது. ஊனிலிருந்தும் மீனிலிருந்தும் அதைப் பெற வேண்டும். அவிக்கும்போது அச்சத்து நீரில் இறங்கிவிடுகிறது. பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகள் டோரின் குறைவால் விழித்திரை சிதைந்து பார்வை இழந்தன என்பது 1975இல் வெளிப்பட்டது. இதே குறைவு இதயத் தசையையும் நலிவிக்கும் என்று 1987இல் அறியப்பட்டது. வெறுஞ் சோற்றில் டோரின் இல்லை. சோறும் சொதியும் ஊற்றி வளர்க்கும் பூனை, எலியும் பல்லியும் பிடித்துத் தின்றே தன் குறையை நிரப்பிக்கொள்கிறது. அடைத்து வைத்த தொடர்மாடிப் பூனைக்கு அந்த வழியும் இல்லை.

இவ்வளவையும் கேட்ட ஒரு நண்பர் சினந்தார். "நாட்டில் பிள்ளைகளுக்கு மீன் இல்லாதபோது பூனைக்கு மீன் அவிக்கிறீர்களே!" என்றார். அவருடைய சினத்தை நாம் மதிக்கிறோம். 2022ஆம் ஆண்டை இந்நகரம் மறக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் 400 கிராம் பால்மாவின் விலை 790 ரூபாய்க்கு ஏறியது. ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டிற்று. தேநீர்க் கடைகளிற் பால்தேநீர் மறைந்து வெறுந்தேநீர் மிஞ்சியது. அந்நாட்களில் மீனைக் கைவிட்ட குடும்பங்கள் எத்தனை! ஆயினும் நண்பரின் வாதம் தவறான முகவரிக்குச் சென்ற கடிதம் என்றே கருதுகிறோம். பிள்ளையின் தட்டிலிருந்த மீனைப் பூனை எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் சென்றது எது என்று அறிய வேண்டுமானால், மீன் அவிக்கச் சொல்லித் தந்த அந்தப் பெண்ணின் கதையைக் கேட்க வேண்டும்.

குட்டிகள் கூழை நக்கப் பழகிய ஒருநாள், மதிலின்மேல் ஏறி அமர்ந்திருந்த தாய்ப்பூனையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "இது பல்லு வந்தாப் பிறகுதான் விட்டுட்டுப் போகுது, ஐயா. என்ட பிள்ளைக்குப் பல்லு வரமுன்னமே நான் விட்டுட்டு வாறேன்."

அவருடைய குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். கொட்டாஞ்சேனையில், துறைமுகத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் நெருங்கி வாழும் தோட்டமொன்றில், ஒற்றை அறையில், பாட்டியின் மடியில் அது வளர்கிறது. தாய் மூன்றாம் மாதத்திலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். திரும்பாவிடின் வேறொருவர் அவ்விடத்துக்கு வந்திருப்பார். காலையிற் பாலூட்டிவிட்டுப் புறப்பட்டால் மறுபடி குழந்தையைக் காண்பது இரவில். பகலில் பாட்டி பால்மா கரைத்துக் கொடுக்கிறார். பெட்டி மாதமுடிவுவரை செல்லவேண்டுமாதலால் கரண்டியின் அளவு குறைகிறது. தண்ணீரின் அளவு கூடுகிறது. இங்கே வெள்ளவத்தையிலோ, நண்பகலில் பால் கட்டி வலி தாளாமல், தாய் அதைப் பிழிந்து கைகழுவும் தொட்டியில் விட்டுவிடுகிறார். ஒரே நகரத்தின் வடக்கே குழந்தை நீர்த்த மாவைக் குடிக்கிறது; தெற்கே அதற்குரிய பால் சாக்கடைக்குப் போகிறது. இக்கொடுமையைச் செய்த ஒருவரைச் சுட்டிக் காட்ட முடியுமா? வீட்டு எசமானி கடுமையானவர் அல்லர். அவரும் காலையில் வேலைக்கு ஓடுகிறவர்தாம்.

பால்குடி மறக்கும் பருவத்தின் நோய்க்கு உலகம் பெயர் கற்றது ஆபிரிக்கத் தாய்மாரிடமிருந்து. அக்காலத்தில் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலை இழந்து சோளக்கூழை மட்டும் உண்ட குழந்தைகளின் உடல் வீங்கி, தோல் உரிந்து, மடியக் கண்டு 1933இல் அதனை எழுதினார். அங்குள்ள கா மொழி பேசும் தாய்மார் அந்நோயைக் குவாஷியோர்கர் என்றனர். அடுத்த குழந்தை வந்தமையால் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1935இல் அப்பெயரையே அவர் மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். குட்டிப்பூனைக்கு வெறுஞ்சோறு எப்படியோ, அப்படியே குழந்தைக்கு வெறுங்கூழ்.

அதே வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பாற்பண்டங்களை விளம்பரப்படுத்திக் குழந்தைகளை மடியச் செய்வது கொலைக்கு ஒப்பாகும் என்று வணிகப் பிரமுகர் நிறைந்த றோட்டரிக் கழகத்திலேயே பேசினார். அச்சொல் செவியில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. 1974இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஒரு சிறு நூல் குழந்தைப் பால்மா வாணிபத்தை அம்பலப்படுத்தியது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் பண்டங்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981இல் உலக சுகாதார மகாசபை தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனைக்கு ஓர் ஒழுக்கக்கோவையை ஏற்றது. இலங்கையும் அதற்கிசைந்த தன் கோவையை 1983இல் வகுத்துக்கொண்டது. மகப்பேற்று ஆஸ்பத்திரிகளும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் செய்த அரிய பணியால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 82 சதவீதம் என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டியது. உலகின் செல்வ நாடுகள் பல எட்டாத உயரம் இது. பெருமைப்படலாம், படவும் வேண்டும்.

ஆனால் சட்டம் அந்தப் பெருமையோடு ஒத்துப்போகிறதா? வில்லியம்ஸ் சிங்கப்பூரிற் பேசிய அதே 1939ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பிறந்தது. இன்று அது தனியார் துறைத் தொழிலாளப் பெண்ணுக்கு அளிக்கும் விடுமுறை 84 நாட்கள். மூன்றாம் பிரசவம் முதல் 42 நாட்கள்தாம் என்றிருந்த அநீதி 2018இல் நீக்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் உண்டு. குழந்தைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லையேல் ஒருமணி. அரசாங்க உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கு, ஆசிரியைகள் உட்பட, 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்தோடும், அதன் மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்தோடும், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றியும் கிடைக்கின்றன. குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், அதுவே வேண்டும் என்று உலக சுகாதார மகாசபை 2001இல் தீர்மானித்தது. ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 180 நாட்கள். 84க்கும் 180க்கும் இடையே கிடக்கும் நாட்களைத் தையல் ஆலையில் இயந்திரம் ஓட்டும் பெண் எங்கிருந்து கடன் வாங்குவாள்? அந்த இரண்டு இடைவேளைகளும் அவளுக்கு எவ்வாறு உதவும், குழந்தை பல மைல்களுக்கப்பால் இருக்கையில்?

வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கோ அந்த 84 நாட்களின் நிழலும் எட்டுவதில்லை. ஆங்கிலேயர் 1871இல் வீட்டு வேலையாட்களுக்கென ஒரு சட்டம் செய்தார்கள். அது அவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிப்பதற்கான சட்டம். எசமானரின் வெள்ளிக் கரண்டியைக் காக்க விழித்த கண், வேலைக்காரியின் கைக்குழந்தையின் பக்கம் திரும்பவில்லை. வீட்டுத் தொழிலாளரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழில் தாபனம் தனிச் சமவாயம் இயற்றியது 2011இல்.

தாய்ப்பூனை பாலை நிறுத்துவதற்குக் காரணம் குட்டியின் பல். கொட்டாஞ்சேனைத் தாய் நிறுத்துவதற்குக் காரணம் சம்பளம். நம் ஊர்களில் பால் மறக்கச் செய்ய மார்பில் வேப்பெண்ணெய் பூசும் வழக்கம் இருந்தது. கசப்பானாலும் அது தாயின் கையால், குழந்தை நடமாடத் தொடங்கிய பின் பூசப்பட்ட கசப்பு. இன்று அந்த வேப்பெண்ணெயைப் பூசுவது வாடகையும் பஸ் கட்டணமுமாகும்.

அந்தப் பெண்ணுக்கு வழி சொன்னவர் அவர் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர். சுத்தமான மூடியுள்ள பாத்திரத்திற் பாலைக் கையாற் பிழிந்து எடுக்கலாம். அறைச் சூட்டில் சில மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் நாட்கணக்கில் நிற்கும். போத்தல் வேண்டாம், கிண்ணமும் கரண்டியுமே நன்று என்று அவர் கற்பித்தார். அதன் பின் நம் குளிர்ப்பெட்டியின் மேற்தட்டில் ஒரு சிறு பாத்திரத்துக்கு இடம் உண்டாயிற்று. மாலையில் பனிக்கட்டி நிரப்பிய வாய் அகன்ற சுடுநீர்ப் போத்தலில் வைத்து அதை அவர் கொண்டுசெல்வார். சாக்கடைக்குப் போன பால் வடக்கு நோக்கிப் பயணஞ் செய்தது. ஆறாம் மாதம் நிறைந்ததும் பாட்டி மசித்த சோறும் பருப்பும், பின்னர் முள் நீக்கிய மீனும் ஊட்டத் தொடங்கினார். தாய்ப்பாலும் இரவில் தொடர்ந்தது. ஒன்று தேய மற்றொன்று வளர வேண்டும் என்னும் விதி மனிதக் குழந்தைக்கும் பொருந்தும். இரண்டு வயதுவரை தாய்ப்பாலும் இருக்கலாம், இருத்தல் நன்று.

இதனைச் சொல்லுவது நம் குளிர்ப்பெட்டியின் பெருமையைப் பேச அன்று. ஒரு குழந்தையின் உணவு, அயல்வீட்டார் ஒருவரின் மனநிலையையும் மின்சாரத்தையும் நம்பித் தொங்குமாயின் அது உரிமையாகாது, தயவு ஆகும். நாளை நாம் வீடு மாறலாம். அவரைப் போன்ற இன்னொரு பெண் அடுத்த ஒழுங்கையில் இன்றைக்கும் தொட்டியருகே நின்றுகொண்டிருக்கலாம். தயவு ஓரிடத்தில் ஒரு பாத்திரத்தை வைக்கும். உரிமை மட்டுமே எல்லா ஒழுங்கைகளுக்கும் செல்லும்.

உரிமைகள் தாமாக வந்ததில்லை என்பதற்கு இதே வெள்ளவத்தை சாட்சி. இங்கே இருந்த நூற்பு நெசவாலையில் 1933இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் இயக்கத்தினர் அவர்களோடு நின்றனர். அந்த இயக்கத்தவரே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் மாளிகைத் தொகுதி வானளாவி நிற்கிறது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் அரசாங்கம் நிறுத்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1973இல் தொடங்கிய திரிபோஷாவும், இலவச மருத்துவமும், வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் உணவும் நலவாழ்வும் மக்கள் உரிமை என்று நம்பிய ஒரு காலத்தின் கொடைகள்.

அந்த வரிசையில் அடுத்துக் கேட்கவேண்டியவை கடினமானவை அல்ல. துறை எதுவாயினும் தாய்க்கு ஆறு மாதம் சம்பளத்தோடு விடுமுறை. அச்செலவைத் தனித்த முதலாளியின் தலையிற் சுமத்தினால் அவர் பெண்களையே வேலைக்கு எடுக்க மறுப்பாராதலால், எல்லோரும் பங்களிக்கும் பொது நிதி. வீட்டுத் தொழிலாளருக்கும் அதே சட்டம். தோட்டம்தோறும், தொடர்மாடித் தொகுதிதோறும் ஒரு குழந்தைக் காப்பகம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்காகப் பிள்ளைமடுவம் வைக்கலாம் என்று துரைமார் காலத்திலேயே தெரிந்திருந்தது. தலைநகரில் அது தெரியாமற் போகக் காரணமில்லை. முழுச் சம்பளத்துக்குப் பின் அரைச் சம்பளத்திலாவது குழந்தையோடு இருக்கும் வாய்ப்பைப் பெற்ற ஆசிரிய சகோதரிகள், அவ்வாய்ப்புத் தம் வீட்டைத் துடைக்க வரும் பெண்ணுக்கும் உரியது என்று தம் சங்கங்களில் எழுந்து சொன்னால் அக்குரலுக்குத் தனிவலிமை உண்டு.

சினந்த நண்பருக்கும் நம் விடை இதுவே. ஒரு தட்டு மீன்கூழைப் பூனையிடமிருந்து பறிப்பதால் எந்தக் குழந்தையும் ஒரு நாள் கூடுதலாகத் தாயோடு இருக்கப் போவதில்லை. அந்த நாட்களைத் தரவேண்டியவர்கள் சட்டம் செய்யும் சபையில் இருக்கிறார்கள். அவர்களை அங்கே அனுப்பியவர்கள் நாம். ஒரு குழந்தைக்கு 84 நாட்கள், மற்றொன்றுக்கு அதுவும் இல்லை என்ற கணக்கை மாற்றக் கோரும் கையொப்பங்களில் முதலாவது நம்முடையதாக இருக்கட்டும். இரண்டாவது உம்முடையதாக இருக்கட்டும்.